மாமியார் சிரிப்பைச் சிறைபிடித்த படலம்

அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சி, பொங்கும் முன் அணைத்தான். ஒரு தம்ளரைக் கழுவினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கையை நுழைக்கும்போதுதான் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. சட்டையைத் திரும்ப மாட்டிவைத்தான்.

வாழ்க அவ்வீரன்! அடுக்குமாடி இரண்டாம் தளத்து இடப்பக்க வீட்டின் தனிப்பெருந்தலைவன். வேலை நாள்களில் காப்பீட்டு அலுவலகத்தில் அமர்ந்து அடுத்தவர் விபத்துகளை ஆராய்ந்து, விடுமுறை நாள்களில் தன் விபத்துகளைத் தானே நிகழ்த்திக்கொள்ளும் தன்னிறைவாளன். கறுத்த உடலும் ஒற்றைக் கண்ணும் கொண்ட கேமரா என்னும் கொற்றவாளைக் கழுத்தில் தொங்கவிட்டு, மூன்றில் ஒரு கால் மட்டும் என்றுமே சரியாகப் பூட்டிக்கொள்ளாத முக்காலி என்னும் நொண்டிப் புரவியை அக்குளில் இடுக்கி, மனித முகம் என்னும் மாபெரும் நாட்டை வெல்லப் புறப்பட்ட ஒளிவேட்டைக்காரன். அவன் புகழ் பாடுவோம்.

கீழ்த்திசைச் சன்னலே, நீ துணை. எதிர்க்கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின் தோளைத் தாண்டி, காலையில் சிறிது நேரமே அக்கூடத்துக்குள் எட்டிப்பார்த்துப் போகும் இளவெயிலே, இன்று மட்டும் மேகத்தோடு பேச்சுக்கொடுத்து நின்றுவிடாதே. நேற்றே வயிறு நிறைந்த பேட்டரியே, நடுப்போரில் கண் மூடாதே. எவ்வளவு மோசமான படத்தையும் முகம் சுளிக்காமல் விழுங்கும் மெமரி கார்டே, உன் பொறுமை வாழ்க.

வீரன் உருவப்படக் கலை பயின்றது காணொளிப் பள்ளியில். மூக்கின் நிழல் மேலுதட்டைத் தொடவே கூடாது என்றார் ஓர் ஆசான்; தொட்டே ஆக வேண்டும் என்றார் இன்னோர் ஆசான். இருவருக்கும் அவன் பணிந்தான். கருவிழிக்குள் சன்னல் ஒரு வெண்புள்ளியாய் ஒளிர வேண்டும், கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் இமைமயிர் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாய்த் துலங்க வேண்டும் என்ற கட்டளைகளைத் தலைமேல் கொண்டான். படங்கள் துலங்கின. பழுது சொல்ல இடமில்லாத அப்படங்களைத் திருமண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கும் தன் நண்பனிடம் கொண்டுபோய் வைத்தான். நண்பன் தேநீரை உறிஞ்சியபடி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசிப் படத்தில் நின்றான்.

“எல்லாம் கரெக்டாதான்டா இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“பேங்க் காலண்டர் மாதிரி இருக்கு. யாரு எடுத்ததுன்னு கேட்டா, பேங்க்தான் எடுத்துச்சுன்னு சொல்லிடலாம்.”

சொல்லம்பு தைத்தது. தனக்கெனப் பாணியில்லாதவன் என்னும் பழி துடைக்க, குருதி சொட்டும் நெஞ்சோடு அவன் திசையெங்கும் அலைந்தான். ஒரு மாதம் கறுப்பு வெள்ளையே கதி என்று கிடந்தான்; அம்மாதத்தில் அவனிடம் அகப்பட்ட அனைவரும் எதையோ பறிகொடுத்தவர்கள்போலத் தோன்றினர். அடுத்த மாதம் ஒவ்வொரு முகத்திலும் பாதியை இருளில் ஆழ்த்தினான். அலுவலக மேலாளர் தம் மற்றொரு கன்னம் எங்கே என்று விசாரித்தார். அதற்கடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் வழியாகப் படமெடுத்தான். வாயிற்காவலருக்கு நான்கு மூக்குகள் முளைத்தன. அவர் மகிழ்ந்து அதைத் தம் வீட்டாருக்கெல்லாம் அனுப்பினார். பாணி மட்டும் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, அவ்வீரனின் வாள் கூர் தீட்டப்பட்ட முதற்களம் அவன் மனைவியின் முகம். சன்னலருகே உட்கார் என்றால் உட்காருவாள். கொஞ்சம் திரும்பு என்றால் அதிகமாகத் திரும்புவாள். அவள் முகத்துக்கு இரண்டு நிலை. கேமரா உயர்ந்தால் முகவாய் உயரும், உதடுகள் ஒட்டிக்கொள்ளும், பதவியேற்பவள்போல விழிகள் விரியும். கேமரா தாழ்ந்தால், வாயின் இடது ஓரம் மட்டும் மெல்ல மேலேறும். அவனைக் கேலி செய்யப்போகிறாள் என்று அதற்குப் பொருள். அந்தச் சிரிப்பை அவன் தினமும் பார்த்தான். எப்போதும் கேமராவைத் தாழ்த்திய பிறகு பார்த்தான்.

போன வருடம் அவள் இறந்துவிட்டாள். காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணினியில் அவள் படங்கள் நிறைய இருந்தன. அந்தச் சிரிப்பு ஒன்றிலும் இல்லை. அதனால் வீட்டுச் சுவரில் அவன் எதையும் மாட்டவில்லை.

அச்சிரிப்பு இவ்வுலகில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு முகத்தில். அது மனைவிக்குத் தாய்வழி வந்த சொத்து. பள்ளித் தேர்வறைகளில் காலமெல்லாம் கண்காணித்து, ஒரு சொல்லும் உதிர்க்காமல் பார்வையாலேயே மாணவர்கள் தம் துண்டுச்சீட்டுகளைத் தாமே மென்று விழுங்கும்படி செய்த தனிப்பெரும் தண்டநாயகி, பணி ஓய்வு பெற்ற பின்னும் காய்கறிக்காரரைத் தராசுத் தட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டவைக்கும் திண்மையள், கல்லினும் கல்லான முகத்தள், அவன் மாமியார். கல்லின் இடது ஓரத்தில், எவராவது மடத்தனம் செய்து மாட்டிக்கொள்ளும் கணத்தில் மட்டும், ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கும் நேரத்துக்கு அச்சிரிப்பு பூக்கும். மருமகன் அருகிலிருந்தால் அடிக்கடி பூக்கும்.

இப்போது அதுவும் கடல் கடக்கவிருந்தது. மாமியாரும் மாமனாரும் அயல்நாட்டில் வேலை பார்க்கும் மகனோடு போய்த் தங்கிவிடுவதென்று முடிவாகியிருந்தது. இருவருடைய பாஸ்போர்ட்டுகளும் காலாவதியாகிவிட்டன. “படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போகணும் மாப்பிள்ளை” என்று மாமியார் தொலைபேசியில் சொன்னபோது, “எதுக்கு அத்தை? இங்க வாங்க, நான் எடுக்குறேன்” என்று சொன்னவனின் உள்ளத்தில் பாஸ்போர்ட் இல்லை. அவர்கள் ஏறும் விமானத்தோடு அந்தச் சிரிப்பும் ஏறிப் போவதற்குள் அதை ஒரே ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்பதே அவன் சூளுரை. இதை அவரிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் அந்த முகம் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆயினும் ஊழின் ஆட்டத்தைப் பாரீர்! சட்டமே பகைவர் பக்கம் நின்றது. பாஸ்போர்ட் படத்தில் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், காதுகள் இரண்டும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், சிரிப்பு அறவே ஆகாது.

கூடத்தில் களம் அமைந்தது. திரைச்சீலைக் கம்பியில் துணிக்கிளிப்புகளால் ஒரு வெள்ளைப் போர்வை பூட்டப்பட்டது. அதன் முன் சாப்பாட்டு மேசையின் மர நாற்காலி ஒன்று அரியணையாயிற்று. முதலில் மாமனார் அமர்ந்தார். அமர்ந்து முடிப்பதற்குள் அவர் படம் முடிந்தது. கல்யாண வீடானாலும் இறந்த வீடானாலும் ஒரே முகத்தோடு போய்வரும் அப்பெருமகனை வெல்ல ஒரு சொடுக்கு போதுமானதாயிருந்தது. உடனே அவர் ஒளிதிருப்பும் படைக்குத் தளபதியாக நியமிக்கப்பட்டார். அதாவது, ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்து எடுத்துவைத்த தெர்மாகோல் பலகையைச் சன்னல் வெளிச்சம் மாமியாரின் நிழல் கன்னத்தில் விழுமாறு பிடித்து நிற்க வேண்டும். பலகையோ அவரைவிட உயரம். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகிக்கொண்டு, கேடயத்துக்குப் பின்னால் தொலைந்துபோன வீரர்போல, விரல்கள் மட்டும் தெரிய நின்றார்.

“மாப்பிள்ளை, இதுல பாதி போதாதா?”

“அப்படியே புடிங்க மாமா. ரெண்டே நிமிஷம்.”

“பேசாம புடிங்க,” என்றார் மாமியார். “அந்தப் பக்கம் சாயுது பாருங்க. பலகையா, நீங்களான்னு தெரியல.”

சொல்லும்போதே இடது ஓரம் லேசாக அசைந்தது. வீரன் முக்காலிமேலிருந்த கேமராவில் கண் வைத்தான். முகவாய் உயர்ந்தது. உதடுகள் ஒட்டின. விழிகள் விரிந்தன. அகழியில் நீர் நிறைந்து, பாலம் மேலேறி, வாயிற்கதவம் சாத்தப்பட்டு, கோட்டை கல்லாயிற்று.

“அத்தை, கொஞ்சம் இயல்பா இருங்க.”

“‘ஏடா மருகனே! மலை தன் இயல்பில் இருப்பதைக் கண்டு, மலையே, கொஞ்சம் மலையாய் இரு என்று கேட்பாரும் உளரோ? எம் இயல்பு ஈதே. எய்க உன் கணையை!’” என்று அக்கோமகள் முழங்கினார். அதாவது, “இப்படித்தான் இருப்பேன், எடுங்க” என்றார்.

எய்தான். ஒன்றன்மேல் ஒன்றாக, கார்கால மழையென, வேனிற்கால வெட்டுக்கிளியென, கேமரா சூடேறும் அளவும் எய்தான். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட் அலுவலகமே எழுந்து நின்று வணங்கத்தக்க முகம் விழுந்தது. பேச்சுக்கொடுத்துப் பார்த்தான். பழைய மாணவர்களைப் பற்றிக் கேட்டான். விடையளிக்கும்போதும் உதடுகள் ஒட்டியே பேசின. அலுவலகத்தில் எல்லாரையும் சிரிக்கவைத்த நகைச்சுவைத் துணுக்கு ஒன்றை அவிழ்த்துவிட்டான். அவர் முழுவதும் கேட்டார்.

“ம். அப்புறம்?”

அப்புறம் ஒன்றுமில்லை.

“நீங்க லேசா சிரிச்சீங்கன்னா நல்லாருக்கும் அத்தை.”

“சிரிச்சா திருப்பி அனுப்பிடுவாங்களாம். பையன் போன்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான். நீங்க வேற வம்பு பண்ணாதீங்க.”

“மாப்பிள்ளை,” என்றது தெர்மாகோல், “கை கடுக்குது.”

வெயில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. கோட்டைக்கு அருகே சென்று நெருக்கி அடிப்பதே வழி என்று துணிந்த வீரன், கேமராவை முக்காலியிலிருந்து வெடுக்கென்று கழற்றினான். அந்த அவசரத்தில், அரசுகள் கவிழ்வதும் வரலாறுகள் திரும்புவதும் இத்தகைய சிறுமைகளாலன்றோ, அவன் கட்டைவிரல் பட்டு, கேமராவின் தோளிலிருந்த மிகச் சிறிய சக்கரம் ஒன்று ஒரு பல் நகர்ந்து, அழுத்திப் பத்து வினாடி கழித்தே படமெடுக்கும் டைமரில் நின்றது. அவன் அறியான். ஒரு காலை மடக்கி, மண்டியிட்டு, குறிபார்த்து, மூச்சடக்கி, அழுத்தினான்.

எதுவும் நடக்கவில்லை. அப்படியே காத்திருந்தான்.

“மாப்பிள்ளை, முன்னாடி ஏதோ சிவப்பு லைட்டு மினுக்குது,” என்றார் மாமியார்.

“எங்க?”

“உங்க பக்கம் தெரியாது. எங்களைப் பார்த்துத்தான் மினுக்குது.”

பேட்டரி உயிர்விடுகிறது என்று நினைத்தான். வாளைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே பிடித்து, அதன் ஒற்றைக் கண்ணுக்குள் தன் ஒற்றைக் கண்ணைச் செலுத்தி, வாய் பிளந்து, புருவம் நெற்றியேறி உற்றுநோக்கினான். சிவப்பு விளக்கு வேகமாகத் துடித்தது. கிளிக்.

அந்தோ! தன் வில்லின் அம்பு தன் மூக்கையே தைத்தது. அம்பு பட்டுத் திகைத்து நின்றவனைக் கண்டது கோட்டை. கண்டதும் கல் இளகியது, கதவம் நெகிழ்ந்தது, வாயின் இடது ஓரம் ஏறியது, ஏறி நின்றது. அவன் அல்லும் பகலும் தேடிய அச்சிரிப்பு, சன்னல் வெளிச்சத்தில், ஆசான்கள் சொன்னபடி விழியில் வெண்புள்ளியோடு, முழுமையாக, குறைவின்றி, அவனைப் பார்த்துப் பூத்தது. கேமராவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

திருப்புவதற்குள் போய்விட்டது.

திரையில் எஞ்சியது இரண்டு நாசித்துவாரங்களின் உருவப்படம். கூர்மைக்குக் குறைவில்லை. அதைப் பார்த்தபடி அவன் தரையிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். கோட்டை எப்போதும் பூட்டியிருக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவந்தது. அந்த முகம் சிரித்தது கேமராவைப் பார்த்தல்ல, அவனைப் பார்த்து. ஒவ்வொரு முறையும் சிரிப்பதற்குரிய ஆளைக் கேமராவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாப் படங்களிலும் அப்படித்தான். அவள் படங்களிலும்.

எழுந்தான். நொண்டிப் புரவியை நிறுத்தி, மூன்றாம் காலுக்கு ஓர் அகராதியை முட்டுக்கொடுத்து, கேமராவைப் பூட்டினான். சக்கரத்தை டைமரிலேயே வைத்தான். மாமியாரின் கண்ணில் குறிவைத்து அழுத்திவிட்டு, கவசம் களைந்த வீரனாய், வெறும் முகத்தோடு, கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பத்து வினாடி.

ஆனால் தேர்வறையில் மூன்று மணி நேரம் இமைக்காமல் நின்றவருக்குப் பத்து வினாடி எம்மாத்திரம்? அவன் அவரைப் பார்த்தான். அவர் அவனைப் பார்த்தார். முன்வரிசையில் காப்பியடிக்கும் மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தன்னை அறியாமல் அவன் உள்ளங்கைகளை மறைத்துக்கொண்டான். கிளிக். கல்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு அத்தை.”

“காலையிலேர்ந்து இதத்தான் சொல்றீங்க. ஸ்டுடியோக்காரன் இந்நேரம் ஊருக்கே எடுத்து முடிச்சிருப்பான்.”

வெயில் மெலிந்து, கூடத்தில் ஒரு போர்வையகலமே எஞ்சியிருந்தது. இதுவே இறுதிப் போர். வீரன் குறிவைத்தான், அழுத்தினான், பக்கத்தில் வந்து நின்றான். சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. கோட்டை கல்லாயிற்று.

அப்போது, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து, எவரும் ஆணையிடாத படை ஒன்று புகுந்தது. காலையிலிருந்து பலகையைச் சுமந்து கையிழந்த தளபதி, பாதி போதும் என்ற தம் பழைய முறையீட்டுக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு, தெர்மாகோலைத் தொடையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். மடேரென்றது. மதகு உடைந்த ஏரியென, கலைந்த தேன்கூடென, வெள்ளை உருண்டைகள் ஆயிரமாயிரமாய் எழும்பி, ஒளிக்கற்றையில் சுழன்று, வீரனின் தலைமேல் பொழிந்தன.

“பெருசா இருந்துச்சு மாப்பிள்ளை,” என்றார் மாமனார், “கையடக்கமா ஆக்கிட்டேன்.”

தெர்மாகோல் உருண்டையோடு போரிட்டோர் அறிவர் அதன் வஞ்சினம். தட்டினால் விழாது, தட்டிய கைக்குக் குடியேறும். வீரன் தலையைத் தட்டினான்; அவை புறங்கைக்கு வந்தன. புறங்கையைத் தட்டினான், மற்றக் கைக்கு மாறின. ஊதினான், மீசையில் பாளையமிறங்கின. மூக்கு நுனியில் ஒன்று கொடிநாட்டி நின்றது. அதை ஒன்றரைக்கண்ணால் பார்த்தபடி, தன் போரையும் சூளையும் மறந்து, கேமரா என்று ஒன்று பக்கத்தில் இருப்பதையே மறந்து, அவன் தன் மூக்கோடு பொருதுகொண்டிருந்தான்.

“ஐயோ, தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க! கண்ணுக்குள்ள போயிடப்போவுது. இங்க வாங்க. காட்டுங்க.”

மாமியார் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கூட்டி, அவன் மூக்கிலிருந்ததை எடுக்கக் கை நீட்டினார். கிளிக்.

படம் திரையில் வந்தது. ஆசான்கள் விலக்கிய குற்றங்கள் யாவும் அதில் அவை கூடியிருந்தன. முகம் முன்னால் சாய்ந்துவிட்டதால் கூர்மை முழுவதும் நாற்காலியின் முதுகில் விழுந்து, அதிலிருந்த ஆணிகூடத் துலங்கியது. முகம் தெளிவில்லாமல் மெத்தென்றிருந்தது. நீட்டிய கை பெரிதாகி ஒரு மூலையை அடைத்திருந்தது. காற்றில் பொட்டுப் பொட்டாக வெள்ளை. ஒரு காது காணோம். யார் எடுத்தது என்று கேட்டால், பேங்க் எடுத்தது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அந்த மெத்தென்ற முகத்தில், வாயின் இடது ஓரம் ஏறியிருந்தது.

மாமனார் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தார். “அட, இது நம்ம…” என்றார். இரண்டு பாதித் தெர்மாகோலையும் சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

மாமியார் கேமராவை வாங்கிக்கொண்டார். பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து, மாட்டி, மறுபடியும் பார்த்தார். வெளிச்சம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, வெற்றுச் சுவரை ஒரு முறையும் அவனை ஒரு முறையும் பார்த்தார்.

“‘ஒளிவேட்டை வல்லோய்! யாம் ஈன்று வளர்த்து, இழந்து நின்ற செல்வத்தை எம் முகத்துள்ளேயே கண்டெடுத்து எம் கையில் தந்தாய். கோட்டை உனதே, கொடியும் உனதே, இனி இச்சுவர் வெறுஞ்சுவர் அன்று!’” என்று அக்கோமகள் முழங்க, எட்டுத் திசையும் அதிர்ந்தன, போர்வை கம்பியிலிருந்து நழுவி அவர் அடி பணிந்தது.

அவர் சொன்னது இவ்வளவுதான்:

“இத நீங்க வச்சுக்கோங்க மாப்பிள்ளை, பாஸ்போர்ட்டுக்கு வேற ஒண்ணு எடுங்க.”